குதிரை லாயத்தில் தையல் கடை: சில வருட அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, பழைய கரும்புத் தோட்டம் ஒன்றின் குதிரை லாயத்தைக் கடைகளாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் ஓர் அறையில் நாட்டிய உடை தைக்கிறேன். கொரோனா ஓய்ந்த கையோடு வந்தது, இன்னும் காலி செய்யவில்லை. அங்கே இடம் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்காக இது.

ஒரு குதிரை தாராளமாகப் புரண்டு படுக்கக் கட்டிய அறை, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. வெட்டு மேசை, இரண்டு மிஷின், இஸ்திரிப் பலகை எல்லாம் அடங்கிவிடும். வைக்கோல் பரணில் துணி மூட்டைகள். சுவர் உச்சியில் வரிசையாகக் காற்றுத் துளைகள். இந்த நாட்டில் குதிரைகளுக்கு வரும் கொள்ளைநோயைப் பரப்புவது கொசுவைவிடச் சின்னப் பூச்சி. பொழுது சாய்ந்தால்தான் அதிகம் கடிக்கும். 1854-55இல் கேப் பகுதியில் மட்டும் 70,000 குதிரைகள் வரை அந்த நோயில் செத்தன. அதனால் இருட்டுமுன் உள்ளே கட்டி அடைப்பது வழக்கம். அடைத்த அறைக்குள் மூச்சு முட்டக்கூடாதே! பிப்ரவரிப் புழுக்கத்தில் லோட் ஷெடிங் வந்து ஃபேன் நின்றபோதெல்லாம் அந்தத் துளைகள்தான் என்னைக் காப்பாற்றின. பக்கத்து அறைக்காரர் தூசி வருகிறதென்று அவற்றை அடைத்தார். இப்போது அவர் கூரையெல்லாம் பூஞ்சை.

கதவு மேல்பாதி தனி, கீழ்பாதி தனி. மேலே திறந்து வைத்தால் காற்று வரும், கூடவே குரங்கும் வரும். கம்பிவலை போட்டேன்.

தரை ஒரு பக்கமாகச் சாயும். கழுவிவிட்ட தண்ணீர் வாய்க்காலுக்கு ஓடக் கட்டியது. மிஷின் கால்களுக்கு மரத்துண்டு கொடுத்துச் சமன் செய்தேன். சலங்கை மணி கைதவறி விழுந்தால் தேடவே வேண்டாம், நேராக வாய்க்கால் மூடியண்டைதான் நிற்கும்.

சுவர்தான் பெரிய தலைவலி. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மெத்தென்ற செங்கல், தரை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். புதுப்பித்தவர்கள் இடுப்புயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஈரம் போக வழியில்லை. போதாததற்கு, பல தலைமுறைக் குதிரைகளின் மூத்திரம் குடித்த செங்கல் அது. அதிலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கும். ஐரோப்பாவில் ஒருகாலத்தில் லாயச் சுவர்களைச் சுரண்டி வெடிமருந்துக்கு வெடியுப்பு எடுத்தார்களாம். என் சுவரில் வெள்ளையாகப் பூப்பதைப் பார்த்தால் நம்பத் தோன்றும். பூச்சு பெயர்ந்து விழுகிறது. பட்டு மூட்டைகளைச் சுவரில் சாய்க்கவே மாட்டேன். சிமெண்டைப் பெயர்த்துச் சுண்ணாம்பு பூசுங்கள் என்று கேட்டால், உரிமையாளர் தரப்பில் 'பார்க்கலாம்' என்கிறார்கள்.

நாமே கைவைக்கவும் முடியாது. 1999ஆம் வருடத்துப் பாரம்பரிய வளச் சட்டப்படி, 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்ற மாகாண அனுமதி வேண்டும். ஏசிக்குத் துளை போடும் பேச்சு அதோடு நின்றது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் காற்றுத் துளைகளையும் எப்போதோ பூசி மூடியிருப்பார்கள். கெட்டதெல்லாம் புதிதாகச் செய்ததில்தான் இருக்கிறது.

வாசல் பலகையில் குதிரைகளின் பெயரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். கரும்பு வெட்டிய நம்மவர்கள் குடியிருந்த பாரக்ஸ் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு வரி இல்லை. என் மாமியார் வந்த அன்றே அதைத்தான் கேட்டார்.

எடுப்பதானால் தெற்குப் பார்த்த அறையாகக் கேளுங்கள். இங்கே வெயில் வடக்கிலிருந்து விழும், பட்டு நிறம் வெளுக்கும். தெற்கு அறையில் நாள் முழுக்க ஒரே வெளிச்சம், நூல் நிறம் பொருத்தச் சுலபம். வாடகையும் கொஞ்சம் குறைவு.