குவாயூலே லேடெக்ஸ்: கையுறைக்கு நம்பலாம், ஆம்பூர் மடிப்பு மேசைக்கு இப்போதைக்கு வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் அப்பர் எனும் மேல்பாகத் தோலை மடிக்கவும் லைனிங் ஒட்டவும் போகும் வெள்ளைப் பசைக்கு மூலம் ஹேவியா என்ற ரப்பர் மரத்தின் பால், அதாவது லேடெக்ஸ். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் வடித்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, 60% ரப்பராகப் பேரலில் வருகிறது. இதற்கு மாற்றாக அதிகம் பேசப்படுவது குவாயூலே. இரண்டு வேலைகளுக்கு அதை எடை போட்டுப் பார்க்கலாம்: தோல் ஒட்டுவது ஒன்று, வேலூர் போன்ற ஆஸ்பத்திரி ஊருக்குத் தேவையான கையுறை இன்னொன்று.

குவாயூலே, நம் வரப்பெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் பங்காளி. பேரினம் ஒன்றுதான், இனம் வேறு. வட மெக்சிகோவும் டெக்சாஸும் சேரும் வறண்ட மேட்டு நிலத்துப் புதர் அது. ரப்பர் மரம்போலக் கீறிச் சிரட்டை கட்ட முடியாது. பால் குழாயில் ஓடுவதில்லை, பட்டையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியாக அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் செடியை வெட்டி, இலை உதிர்த்து, காய்வதற்குள் அரைத்தாக வேண்டும். கிளை காய்ந்துவிட்டால் பால் செல்லுக்குள்ளேயே உறைந்துவிடும். பிறகு கரைப்பானில் ஊறவைத்துக் கட்டி ரப்பர் எடுக்கலாமே தவிர, லேடெக்ஸ் கிடைக்காது.

அரைக்கும் தண்ணீரில்தான் சரக்கின் தரம் இருக்கிறது. ஆய்வுக்கூட முறையில் 0.1% சோடியம் சல்ஃபைட்டும் 0.2% அமோனியாவும் கலந்து, பிஎச் 10 அளவில், குளிர்ந்த நிலையில் அரைப்பார்கள். துணியில் வடிகட்டி சென்ட்ரிஃப்யூஜில் விட்டால் ரப்பர் பாலாடையாக மேலே மிதக்கும். அதை மீண்டும் கரைத்து, கழுவி, திரும்பவும் சுற்ற வேண்டும். சல்ஃபைட் குறைந்தால் பட்டையின் துவர்ப்புப் பொருள் காற்றுப்பட்டுக் கறுத்துப்போகும், பாலும் திரியும். கேனைத் திறந்ததும் பழுப்பு நிறம் தெரிந்தால் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட சரக்கைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

கையுறையைப் பொறுத்தவரை இதற்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். ஹேவியா பாலின் புரதங்கள்தான் சில நர்ஸுகளுக்கும், பலமுறை ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கும் மூச்சுத் திணறல்வரை கொண்டுபோகும் லேடெக்ஸ் அலர்ஜிக்குக் காரணம். குவாயூலேயில் புரதம் மிகக் குறைவு, இருப்பதும் ஹேவியா புரதத்தோடு ஒத்துப்போவதில்லை. 2008இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, குவாயூலே பரிசோதனைக் கையுறைக்கு அனுமதி கொடுத்தது. தர அளவுகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பு லேடெக்ஸுக்கு வைத்துள்ள டி1076 தரத்திலும் இதற்குத் தனி வகை உண்டு. படலம் மிருதுவானது, நன்றாக இழுபடும், நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் விரல் களைக்காது.

ஆனால் கை அரிப்பும் தடிப்பும் ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ரப்பரைச் சீக்கிரம் வேகவைக்க, அதாவது கந்தகத்தோடு சூடாக்கி இறுக்க, சேர்க்கும் தையூரம், கார்பமேட் வகை ஆக்சிலரேட்டர்கள். ஹேவியாவின் புரதம் ரப்பர் வேகுவதற்கும் கொஞ்சம் கைகொடுக்கும். குவாயூலேயில் அந்த உதவி இல்லாததால் ஆக்சிலரேட்டர் கூட்டை மாற்றியோ கூட்டியோ போட வேண்டியிருக்கிறது. அதோடு செடியின் பிசினில் குவாயூலின் ஏ என்ற தோல் ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது. சரியாகக் கழுவாத சரக்கில் அது தங்கும். பார்த்தீனியம் பட்டாலே தோல் தடித்துப்போகிறவர்கள் உள்ள நம் ஊரில் பிசின் அளவைக் கேட்டு வாங்குவது அவசியம். கையுறை வாங்குகிறவர் சோதனை அறிக்கையில் பார்க்க வேண்டியது: குறைந்தபட்சம் இழுவிசை 18 எம்பிஏ (மெகாபாஸ்கல்), நீட்சி 650%. 70 டிகிரி சூட்டில் 7 நாள் வைத்த பிறகு 14 எம்பிஏ, 500%. இரண்டாவது ஜோடி எண்ணை விட்டுவிடாதீர்கள். காற்றிலும் சூட்டிலும் கெடாமலிருக்க இந்த ரப்பருக்கு இயற்கைக் காப்பு குறைவு, ஆன்டிஆக்சிடன்ட் போடாத சரக்கு அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

தோல் மேசைக்கு வந்தால் நிலைமை வேறு. மடிப்புப் பசைக்குத் தேவை, வேகாத நிலையிலேயே கவ்விப் பிடிக்கும் வலு. சுத்தியல் தட்டியதும் மடிப்பு திரும்பி எழக்கூடாது. ஹேவியா ரப்பரில் புரதமும் கொழுப்பும் சங்கிலிகளைக் கோத்துத் தருவதால் அந்த வலு வருகிறது. குவாயூலேயில் கோர்வை தளர்வு. கையுறையில் எது வரமோ அதுவே இங்கே குறை. தடித்த எருமைத் தோல் மடிப்பில் இது தாங்காது. மெல்லிய லைனிங் துணிக்கு ஹேவியாவோடு கலந்து பார்க்கலாம்.

எந்த லேடெக்ஸ் வாங்கினாலும் பாலாற்றுப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பாலைத் திரித்துக் கட்டியாக்கிவிடும். 60% லேடெக்ஸ் 10 கிலோவை 50% ஆக்க 2 கிலோ தண்ணீர் போதும். அது உப்பு நீக்கிய டிஎம் தண்ணீராக, துளி அமோனியா சேர்த்ததாக இருக்கட்டும். தண்ணீரில் பாலை ஊற்றாமல், பாலில் தண்ணீரை மெதுவாகச் சேர்த்து நுரை எழாமல் கிளறுங்கள். பித்தளைப் பூண் போட்ட பிரஷ், செம்புப் பாத்திரம் ஆகாது. தாமிரம் கொஞ்சம் பட்டாலே ரப்பர் சில மாதத்தில் பிசுபிசுத்துப்போகும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் அமிலத் தன்மை உள்ளது, பசை மேலோடு உறைந்துவிடும். ஆகவே தோலின் உட்புறத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டு, முதல் பூச்சை நீர்த்துப் பூசி ஊறவிட வேண்டும்.

வறண்ட ஊர்தானே, நாமே குவாயூலே நடலாமே என்ற பேச்சும் உண்டு. வேலூர் வெயிலை இந்தச் செடி தாங்கும். ஆனால் அது ரப்பரைச் சேர்த்துவைப்பது குளிர்காலத்து நடுங்கும் இரவுகளில், 10 டிகிரிக்குக் கீழே. நமக்கு மார்கழியிலும் அந்தக் குளிர் வராது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகும். வெட்டுக்கு வர 2 வருடம் ஆகும் செடியை இவ்வளவு குறையோடு மானாவாரி நிலத்தில் வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. கஜகஸ்தானின் ரப்பர் டேன்டேலியன் குளிர்நாட்டுப் பயிர், அதைப் பேச வேண்டியதே இல்லை. எருக்கும் திருகுகள்ளியும் இங்கே தானாக வளர்பவை. ஆனால் அவற்றின் பாலில் ரப்பரைவிடப் பிசினே மிகுதி, கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. யாரையும் அதை வடிக்க அனுப்பாதீர்கள்.

இந்தியாவில் குவாயூலே வணிக உற்பத்தி இல்லாததால் வாங்கினால் இறக்குமதிதான். கேட்கும்போது அரைத்த தேதி, பிஎச், பிசின் அளவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வந்ததும் ஒரு கரண்டி பாலைக் கண்ணாடியில் 1 மிமீ கனத்தில் பூசி ஒரு இரவு நிழலில் காயவிடுங்கள். காலையில் படலம் பருக்களில்லாமல் தெளிவாக உரிந்து வந்தால் மட்டும் மீதிக் கேனைத் திறக்கலாம்.