ஓசூர் பக்கம் ‘சர்வீஸ் டாக்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காவேரிப்பட்டணம் பக்கத்தில் கண் தெரியாத பெரியவர் ஒருவருக்காக வீட்டார் ஓசூரில் ‘சர்வீஸ் டாக்’ (உடல், மனக் குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய்) என்று சொல்லி விற்ற ஒரு லேப்ரடாரை வாங்கினார்கள். விலை 65,000 ரூபாய். ஐந்து மாதக் குட்டி, சிவப்புச் சட்டை, போட்டோ ஒட்டிய அட்டை, ‘அமெரிக்கப் பதிவு எண்’ போட்ட சான்றிதழ்.

மறுநாளே குட்டு வெளிப்பட்டது. ‘சிட்’ என்றால் உட்காரும், கை நீட்டினால் கை கொடுக்கும், அவ்வளவுதான். திண்ணைப் படியில் நிற்காமல் இழுத்துக்கொண்டு இறங்கியதில் பெரியவர் தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏர் ஹாரன் அடித்ததும் அவர் கால்களுக்கிடையில் புகுந்துகொண்டது. குட்டி மேல் தப்பில்லை. வழிகாட்டி நாயை ஒரு வயது, ஒன்றரை வயது வரை வீட்டில் வளர்த்து சந்தை, கூட்டம், வண்டிச் சத்தம் எல்லாம் பழக்குவார்கள். முறையான பயிற்சி அதற்குப் பிறகுதான், அதுவும் பல மாதம். கடைசியில் வைத்துக்கொள்ளப் போகிறவரோடு சேர்த்தும் பழக்க வேண்டும். ஐந்து மாதத்தில் எந்தக் கொம்பனாலும் முடியாது.

அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். அமெரிக்காவிலேயே இதற்கு அரசுப் பதிவேடு கிடையாது. உடல், மனக் குறைபாட்டால் அந்த நாய் தேவையா, அதற்காக என்ன வேலை பழகியிருக்கிறது, இந்த இரண்டைத்தான் அங்கே கேட்கலாம். கூட இருந்து ஆறுதல் தருவது மட்டும் வேலையாகாது. 2021 முதல் ஆறுதல் பிராணிகளைச் சர்வீஸ் பிராணியாக ஏற்கும் கட்டாயம் அங்கே விமான நிறுவனங்களுக்கும் இல்லை. ஆறுதல் வேண்டாத விஷயம் என்று சொல்லவில்லை. தனியாக இருக்கும் பாட்டிக்கு ஒரு நாட்டு நாயே போதும், காசும் ஆகாது.

‘அன்பா இருக்கும், பாசமா இருக்கும்’ என்று மட்டும் சொன்னால் அது வளர்ப்பு நாய், விலையும் அதற்குத் தகுந்ததுதான். படியில் நிற்கும், விழுந்த சாவியை எடுத்துத் தரும் என்றால் உங்கள் தெருவில், கயிறு உங்கள் கையில் இருக்க, செய்து காட்டச் சொல்லுங்கள். வழியில் ஒரு பன் துண்டைப் போடுங்கள், அதைத் தேடிப் போகக் கூடாது. பின்னால் எவர்சில்வர் தட்டைத் தவற விடுங்கள். திடுக்கிடலாம், ஆனால் சில நொடியில் தெளிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். வலிப்பு வருமுன்னே சொல்லும் என்பவருக்கு அட்வான்ஸே கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தபின் ஆளைக் கூப்பிடப் பழக்கலாம். முன்கூட்டிச் சொல்லும் என்று யாரும் உறுதி தர முடியாது.

தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். இந்தக் குட்டியின் புத்தகத்தில் ஸ்டிக்கரே இல்லை, எல்லாத் தேதியும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது. நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் எண் 15 இலக்கம். ஸ்கேனர் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிபாருங்கள். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். இரண்டு வயது முடிந்தபின் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே என்றால் கூடுதலாக நம்பலாம்.

பில்லில் ‘லேப்ரடார் குட்டி 1’ என்று மட்டும் இருந்தது. நாய் பழகியிருக்கும் வேலைகளைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். நல்லவேளை, ‘டிரெய்ன்டு சர்வீஸ் டாக்’ என்று விற்ற ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை வீட்டார் அழிக்கவில்லை. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு இரண்டு வருடம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம்.