விண்டோஸும் லினக்ஸும் ரெண்டும் வேணும்: ஒரே டிஸ்க்கா, தனி எஸ்எஸ்டியா, டபிள்யூஎஸ்எல்லா?

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, பழைய லேப்டாப்ல டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்லன்னு விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது, சரி லினக்ஸ் போட்டுப் பாப்போம்னு கெளம்புறவங்க நிறைய. ஆனா முழுசா மாறவும் முடியாது, ஒருத்தருக்கு டாலி வேணும், ஒருத்தருக்கு ஆட்டோகேட், இன்னொருத்தருக்கு வாலரன்ட் கேம். அப்போ ஒரே மெஷின்ல ரெண்டையும் வச்சுக்கணும். அதுக்கு மூணு வழி இருக்கு. விண்டோஸ் இருக்குற டிஸ்க்கையே பிரிச்சு லினக்ஸ் போடுறது, தனியா இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி அதுல போடுறது, இல்ல விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ ஓட்ட விடுற டபிள்யூஎஸ்எல்ங்கிற மைக்ரோசாஃப்ட் வசதிய வச்சு ஓட்டுறது.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். ரெண்டாவது எஸ்எஸ்டிக்கு ஸ்லாட் இருந்தா யோசிக்காம அதப் போடுங்க. ஏன்னா டூயல் பூட்ல, அதாவது ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ்ஸ மாத்தி மாத்தி பூட் பண்றதுல, வர்ற தலைவலில முக்காவாசி, ரெண்டு ஓஎஸ்ஸும் ஒரே பொருள பங்கு போட்டுக்குற இடத்துலதான் வருது. எவ்வளவு கம்மியா பகிர்ந்துக்குதோ அவ்வளவு நிம்மதி.

ஒரே டிஸ்க் கதைய மொதல்ல பாப்போம், செலவே இல்லாததால பெரும்பாலும் எல்லாரும் இதுலதான் ஆரம்பிக்கிறாங்க. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது ஓஎஸ்ஸ எழுப்பி விடுற பூட்லோடர் உக்கார்ற ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்னு ஒண்ணு போடும், வழக்கமா வெறும் 100 எம்பி. லினக்ஸோட பூட்லோடரான க்ரப்பும் வந்து அதுக்குள்ளதான் உக்காரும், ஒண்டுக்குடித்தனம் மாதிரி. உபுண்டு, மின்ட் இதெல்லாம் அதுல சில எம்பிதான் எடுக்கும், பிரச்சனை இல்ல. பாப் ஓஎஸ் மாதிரி சிஸ்டம்டி பூட்ங்கிற வேற பூட்லோடர பயன்படுத்துறது ஓஎஸ்ஸோட மையப் பகுதியான கெர்னலையே அங்க கொண்டு போய் வைக்கும், 100 எம்பி பத்தாது, அதனால ஒரே டிஸ்க்ல போடுறவங்க க்ரப் இருக்குற டிஸ்ட்ரோவா (லினக்ஸ் வகை) எடுத்துக்கங்க.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி விண்டோஸ் பக்கமே செய்ய வேண்டிய வேலைதான் இதுல முக்கியம், இத விட்டுட்டு நேரா பென்டிரைவ் சொருகுறவங்கதான் பின்னாடி கஷ்டப்படுறாங்க. முதல்ல டிஸ்க்க என்கிரிப்ட் பண்ணி பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, நாம ஆன் பண்ணாமலே பல லேப்டாப்ல டிவைஸ் என்கிரிப்ஷன்ங்கிற பேர்ல அது ஓடிட்டிருக்கும். அதோட ரெகவரி கீ 48 இலக்கம், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பாத்து பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க. நம்பகமான பூட்லோடர மட்டும் ஓட விடுற செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணாலும் அந்த கீ கேக்கும், க்ரப் மெனு வழியா விண்டோஸுக்குள்ள போனாலும் சில மெஷின்ல கேக்கும், அந்த நேரத்துல கீ இல்லன்னா உள்ள இருக்குற ஃபைல் எல்லாம் போனதுதான். பேக்கப் எடுங்கன்னு தனியா சொல்லணுமா, கண்டிப்பா எடுங்க.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட்டவுன் குடுத்தா விண்டோஸ் முழுசா அணையுறதில்ல, கெர்னல ஹைபர்னேட் பண்ணி டிஸ்க்ல எழுதி வச்சுட்டுப் படுக்கும், அப்போ விண்டோஸோட என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் பாதி திறந்த நிலைமையிலயே கிடக்கும். லினக்ஸ்ல இருந்து சி டிரைவ திறந்தா படிக்க மட்டும்தான் விடும், இல்ல மவுண்டே ஆகாது. "என் ஃபைல காப்பி பண்ண முடியல, பர்மிஷன் பிரச்சனையா"ன்னு கேக்குறவங்க நிறைய பேருக்கு விஷயம் இதுதான், பர்மிஷன் இல்ல. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கிற பக்கத்துல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்க எடுத்து விட்டா தீர்ந்தது.

பார்ட்டிஷன சுருக்குறதையும் விண்டோஸோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே செய்யுங்க. 200 ஜிபி காலியா இருந்தும் 30 ஜிபிதான் சுருக்க விடுதுன்னா விண்டோஸ் தனக்குன்னு வச்சிருக்குற பேஜ் ஃபைலோ ஹைபர்னேஷன் ஃபைலோ நடுவுல நகர முடியாம உக்காந்திருக்குன்னு அர்த்தம், ரெண்டையும் தற்காலிகமா ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணிட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க. சில இன்டெல் லேப்டாப்ல லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது, பயாஸ்ல (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) ஸ்டோரேஜ் மோட், அதாவது டிஸ்க்கோட பேசுற முறை, ரெய்டுல இருக்கும். அத நேரா ஏஹெச்சிஐக்கு மாத்தினா விண்டோஸ் நீல ஸ்க்ரீன்ல நின்னுடும். முதல்ல பிட்லாக்கர சஸ்பெண்ட் பண்ணி, விண்டோஸ சேஃப் மோட்ல வர்ற மாதிரி செட் பண்ணி, அப்புறம் பயாஸ்ல மாத்தி, ஒரு தடவ சேஃப் மோட்ல பூட் ஆன பிறகு சாதாரண மோடுக்கு வாங்க.

இவ்வளவும் ஒழுங்கா செஞ்சா ஒரே டிஸ்க் செட்டப் வருஷக்கணக்கா ஓடும், ஓடாதுன்னு நான் சொல்லல. ஆனா பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தா பூட் ஆர்டர் மாறி நேரா விண்டோஸே வர்றது நடக்கும். பதறி ரீ-இன்ஸ்டால் பண்ணாதீங்க, க்ரப் எங்கயும் போகல, பயாஸ்ல உபுண்டு என்ட்ரிய மேல தூக்கி வச்சா போதும். தலைகீழா, க்ரப் மெனுல விண்டோஸ் காணலன்னா அதுக்கு காரணம் க்ரப் 2.06ல இருந்து மத்த ஓஎஸ்ஸ தேடுற ஓஎஸ்-ப்ரோபர் டீஃபால்ட்டா ஆஃப். க்ரப் செட்டிங்ஸ் ஃபைல்ல அத ஆன் பண்ணி க்ரப்ப அப்டேட் பண்ணா விண்டோஸ் வந்துடும்.

இப்ப தனி எஸ்எஸ்டி. மேல சொன்னதுல பாதி இங்க இல்லவே இல்ல. சுருக்கல் இல்ல, 100 எம்பி கவலை இல்ல, லினக்ஸுக்கு அதோட சொந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். எதுக்குள்ள போகணுமோ அத மெஷின் ஆன் ஆகும்போது பூட் மெனுல எடுத்துக்கலாம், டெல், லெனோவால எஃப்12, ஹெச்பில எஃப்9. விண்டோஸ் தன்னோட பூட்லோடர் வழியாவே போறதால பிட்லாக்கரும் கீ கேக்காது.

ஆனா ஒரு இடத்துல கவனம் வேணும், இத யாரும் சொல்லித் தர்றதில்ல. உபுண்டு இன்ஸ்டாலர்ல ரெண்டாவது டிஸ்க்க நீங்க தேர்ந்தெடுத்தாலும் பூட்லோடர மட்டும் முதல் டிஸ்க்ல இருக்குற விண்டோஸோட ஈஎஃப்ஐலயே கொண்டு போய் வைக்கிறது ரொம்ப நாளா இருக்குற பழக்கம். வெளிய பாத்தா எல்லாம் சரியா ஓடும், விண்டோஸ் டிஸ்க்க கழட்டுற அன்னைக்குதான் லினக்ஸ் பூட் ஆகாம நிக்கும். அதனால இன்ஸ்டால் பண்ற நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் எஸ்எஸ்டிய கழட்டிடுங்க, இல்ல பயாஸ்ல டிஸேபிள் பண்ணுங்க. ஸ்க்ரூ ஒண்ணு கழட்டுற வேலைதான், அது தர்ற நிம்மதி பெருசு.

தனி டிஸ்க் போட்டாலும் ரெண்டு விஷயம் பொதுவாவே இருக்கும். ஒண்ணு மதர்போர்டு கடிகாரம். விண்டோஸ் அதுல நம்ம ஊர் நேரம் இருக்குன்னு நெனைக்கும், லினக்ஸ் யுடிசின்னு (உலகப் பொது நேரம்) நெனைக்கும், அதான் லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்கு வந்தா கடிகாரம் சரியா அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது. கடிகாரத்த ஓட்டுற சிமாஸ் பேட்டரி போச்சுன்னு கடைக்குப் போக வேண்டாம், லினக்ஸ்ல ஒரே ஒரு கமாண்ட்ல லோக்கல் டைமுக்கு மாத்திடலாம். இன்னொண்ணு செக்யூர் பூட். 2024 ஆகஸ்ட்ல மைக்ரோசாஃப்ட் விட்ட அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்கள தடுக்குற பட்டியல மெஷினோட ஃபர்ம்வேர்லயே எழுதிடுச்சு. டூயல் பூட் மெஷின தொடாதுன்னு சொல்லியிருந்தாங்க, ஆனா தொட்டுச்சு, "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்"னு ரெண்டு வரி காட்டிட்டு மெஷின் அணைஞ்சது, பழைய லைவ் பென்டிரைவ் கூட பூட் ஆகல. தனி டிஸ்க் வச்சிருந்தவங்களும் தப்பல. செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணி லினக்ஸுக்குள்ள போய், எம்ஓகே-யூட்டில்ங்கிற கமாண்ட்ல எஸ்பாட் பாலிசிய (அந்த தடுப்புப் பட்டியல்) நீக்கிட்டு திரும்ப ஆன் பண்ணித்தான் சரி பண்ணாங்க.

டபிள்யூஎஸ்எல் ரெண்டாம் பதிப்பு பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, நல்ல விஷயம்ங்கிறதாலதான். ஒரே கமாண்ட், ஒரு ரீஸ்டார்ட், நிஜ லினக்ஸ் கெர்னல். பைத்தான், ஜிசிசி, டாக்கர் மாதிரி புரோகிராமிங் டூல் மட்டும்தான் தேவைன்னா பார்ட்டிஷன் பக்கமே போகாதீங்க, எந்த பூட்லோடரும் உடையாது. ஃபைல மட்டும் சி டிரைவ்ல வைக்காம லினக்ஸ் பக்கத்துலயே வையுங்க, இல்லன்னா ரொம்ப மெதுவாகும். 8 ஜிபி ராம் மெஷின்ல பாதிய அது எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, அங்க திணறும். ஹார்ட்வேர் டிரைவர் எழுதக் கத்துக்கவோ, விண்டோஸ் சுமையே இல்லாம பழைய மெஷின வேகமாக்கவோ இது உதவாது.

ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்குன்னா ஒரே டிஸ்க்ல போடுறதுக்கு முன்னாடி யுஎஸ்பி எஸ்எஸ்டில லினக்ஸ் முழுசா இன்ஸ்டால் பண்றதையும் யோசிங்க, 3.0 போர்ட் இருந்தா தினசரி வேலைக்கு தாராளமா போதும்.

லினக்ஸ் வேண்டாம்னு முடிவெடுக்குற நாள்லயும் வித்தியாசம் தெரியும். ஒரே டிஸ்க்ல இருந்தா விண்டோஸ்ல இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷன அழிச்சிடுவாங்க, அடுத்த ரீஸ்டார்ட்ல கறுப்பு ஸ்க்ரீன்ல க்ரப்னு ஒரு ப்ராம்ப்ட் வந்து நிக்கும், ஏன்னா ஈஎஃப்ஐல இருக்குற க்ரப் தன்னோட ஃபைலத் தேடி கிடைக்காம நிக்குது. விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, பூட் மெனுல விண்டோஸ் பூட் மேனேஜர எடுத்தா வந்துடும், அப்புறம் பயாஸ்ல அத முதல்ல வச்சுடுங்க. தனி எஸ்எஸ்டின்னா கழட்டி எடுத்துட்டா வேலை முடிஞ்சது, பூட் மெனுல உபுண்டுன்னு ஒரு பழைய என்ட்ரி ஒட்டிட்டு இருந்தாலும் அதால எந்தத் தொல்லையும் இல்ல.