ஓடு உடைந்தால் என்ன ஆகும்? விண்ணோடமும் ஸ்டார்ஷிப்பும்

மாணவர்களுக்கு மறுநுழைவு, அதாவது விண்கலம் காற்றுமண்டலத்துக்குள் திரும்பி வருவது, பற்றி ஒரு பாடம் தயாரித்தபோது, எந்தக் கலத்தின் வெப்பக் கவசத்தை நல்ல முன்மாதிரியாகக் காட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நாசாவின் விண்ணோடம், ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப், டிராகன் மாதிரியான கூம்புக் கலங்கள் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஸ்டார்ஷிப்பைத் தேர்ந்தேன். கவசம் சேதமடைந்த பிறகு கலத்துக்கு என்ன நடக்கிறது என்பதே காரணம்.

விண்ணோடம், ஸ்டார்ஷிப் இரண்டுமே அடிப்பக்கத்தில் சிலிக்கா ஓடுகளைத் தாங்கி வருபவை. ஓடு லேசானது, வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், சுலபமாக நொறுங்கும். விண்ணோடத்தின் ஓடுகள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனி வடிவம். ஸ்டார்ஷிப்பில் பெரும்பகுதி ஒரே மாதிரி அறுகோணம், அதனால் மாற்றுவது எளிது. எடையில் மட்டும் எஃகு உடம்புக்காரரான ஸ்டார்ஷிப்புக்குத்தான் சுமை. சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

தீர்மானிக்கும் விஷயம் கவசத்துக்குப் பின்னால் இருக்கிற உலோகம். விண்ணோடத்தின் உடல் அலுமினியம். அது சுமார் 175 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் வடிவமைப்பின் கணக்கு. வெளியிலோ, இறக்கையின் முன்விளிம்பு 1,600 டிகிரியை நெருங்கும் சூட்டைத் தாங்கியாக வேண்டும். அங்கே ஓடுகள் கிடையாது. வலுவூட்டிய கார்பன் பலகைகள் இருந்தன. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 82 நொடிகளில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் அந்தப் பலகைகளில் ஒன்றை உடைத்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது ஓட்டை வழியாகப் புகுந்த சூடான வாயு உள்ளேயிருந்த அலுமினியச் சட்டங்களை உருக்கியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். ஓட்டை விழுந்த பிறகு அந்த வடிவமைப்பில் அடுத்த தடுப்பு என்று எதுவுமே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் விண்ணோடத்திடமே உண்டு. 1988 டிசம்பரில் அட்லாண்டிஸ் 700க்கும் மேற்பட்ட ஓடுகள் சேதமாகித் திரும்பியது. ஓர் ஓடு முழுசாகவே காணோம். அந்த இடத்துக்குப் பின்னால் ஓர் ஆன்டெனாவைத் தாங்கும் தடித்த உலோகத் தகடு இருந்தது. கலம் துளைபடாமல் தப்பியதற்கு அந்தத் தகடு உதவியிருக்கலாம். ஸ்டார்ஷிப்பில் அந்த மாதிரிப் பாதுகாப்பைத் தற்செயலுக்கு விடவில்லை, மொத்த உடலுமே துருப்பிடிக்காத எஃகு. நம் எவர்சில்வர் பாத்திரங்களின் அதே குடும்பம். உருகுநிலை 1,400 டிகிரி அளவில். சுத்த அலுமினியத்துக்கு 660தான்.

2024 ஜூனில் நடந்த ஸ்டார்ஷிப்பின் நான்காவது சோதனைப் பறப்பில் இந்த வித்தியாசத்தை நேரலையிலேயே பார்க்க முடிந்தது. கலத்தைத் திசைதிருப்ப உதவும் துடுப்பின் கீல் பக்கம் சூடான வாயு புகுந்து, உலோகம் எரிந்து பிய்ந்து பறந்தது. ஆனாலும் துடுப்பு அசைந்துகொண்டிருந்தது; கலம் என்ஜினை மூட்டி இந்தியப் பெருங்கடலில் நிமிர்ந்து இறங்கியது. அடுத்த தலைமுறைக் கலத்தில் முன்துடுப்புகளைச் சூடு குறைந்த பக்கத்துக்கு நகர்த்தினார்கள். 2025 ஆகஸ்டில் சில இடங்களில் வேண்டுமென்றே ஓடுகளைக் கழற்றிவிட்டு அனுப்பினார்கள். அந்தக் கலமும் கடல்வரை வந்து சேர்ந்தது. ஓடுகளைக் கழற்றிவிட்டு வேடிக்கை பார்க்கும் துணிச்சல் அலுமினிய உடலோடு யாருக்கும் வந்திருக்காது.

விண்ணோடத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். எல்லாச் சேதமும் கொல்வதில்லை. 2007இல் எண்டெவர் அடிவயிற்றில் சுமார் 9 செ.மீ. நீளக் குழியோடு, பழுதுபார்க்காமலே பத்திரமாக வந்தது. ஆழமும் இடமும்தான் முக்கியம். சில சமயம் குழி கூட வேண்டாம், சின்னத் துருத்தலே போதும்: சீராகப் போகும் காற்றோட்டம் அங்கே கலைந்து, பின்னாலுள்ள ஓடுகளும் கூடுதலாகச் சூடாகும். 2005இல் டிஸ்கவரியின் ஓடுகளுக்கிடையே நீட்டிக்கொண்டிருந்த இடைநிரப்பிகளை ஸ்டீபன் ராபின்சன் விண்நடை போய்க் கையால் உருவி எடுத்தது இந்தப் பயத்தால்தான். எஃகு உடலானாலும் இந்த விதி மாறாது.

என் தேர்வில் ஒரு பலவீனம் இருக்கிறது. விண்ணோடங்கள் 135 முறை மனிதர்களோடு பறந்தவை. ஸ்டார்ஷிப்பின் மேல்நிலைக் கலம் (கீழே தள்ளிவிடும் ராக்கெட்டைத் தவிர்த்த கலம்) 2025 முடியும்வரை ஒரு மனிதரையும் ஏற்றவில்லை, திரும்பி வந்த ஒன்றுகூட மறுபடி பறக்கவில்லை. எஃகு உருகாமல் தப்பினாலும், சூட்டில் வளைந்த இடத்தை அடுத்த பயணத்துக்கு நம்பலாமா என்பதற்கு இன்னும் பறந்து காட்டிய பதில் கிடையாது. ஆகவே என் சாய்வு கலம் தப்பிப்பதைப் பற்றியது. மறுபயன்பாட்டுச் செலவு பற்றி இப்போதைக்கு நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அப்புறம் கூம்புக் கலங்கள். அவற்றின் கவசம் தானே கருகித் தேய்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மேலே ஒரு கீறல் விழுந்தாலும் அடியில் அதே பொருள்தான் மிச்சமிருக்கும். 2022இல் ஆர்ட்டெமிஸ் 1 என்ற ஆளில்லா நிலவுப் பயணத்தில், நாசாவின் கூம்புக் கலமான ஓரியனின் கவசத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரித்துண்டுகள் பெயர்ந்தன, உள்ளே சிக்கிய வாயு வெளியேற வழியில்லாததால். உட்பகுதி வெப்பநிலை அப்போதும் ஆட்கள் தாங்கும் அளவிலேயே இருந்தது. நிலவிலிருந்து நொடிக்கு 11 கி.மீ. வேகத்தில் திரும்ப வேண்டுமென்றால், கவசம் அடுத்த முறைக்கு மிஞ்சாது என்று தெரிந்தும், இன்றைக்கு நான் இந்த வகையைத்தான் கேட்பேன்.