‘அவர் மிஸ் ப்ரூக்ஸ்’: அந்த ஒரு கண மௌனத்தை வெட்டாதீர்கள்

“‘அவர் மிஸ் ப்ரூக்ஸ்’ (Our Miss Brooks) என்ற பழைய அமெரிக்க வானொலி நகைச்சுவைத் தொடரை இவ்வளவு புகழ்கிறீர்களே, எனக்குச் சிரிப்பே வரவில்லையே” என்று கேட்ட நண்பருக்கு, முதலில் கைப்பேசியைச் சரிபார்க்கச் சொன்னேன்.

பாட்காஸ்ட் செயலிகளில் மௌனத்தைச் சுருக்கும் வசதி ஒன்று உண்டு. செய்தி கேட்க நல்லது. தொடரின் நாயகியாக நடித்த ஈவ் ஆர்டனுக்கு அது விஷம். அவர் ஏற்ற மாடிசன் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை கானி ப்ரூக்ஸ், பதிலுக்கு முன் ஒரு கணம் நிறுத்துவார். தலைமையாசிரியர் கான்க்ளினோ, வீட்டுக்கார அம்மா திருமதி டேவிஸோ ஏதாவது அபத்தமாகச் சொல்லி முடித்திருப்பார்கள். அரங்கமே ப்ரூக்ஸின் வாயைப் பார்த்துக் காத்திருப்பது நம் காதுக்குத் தெரியும். பிறகு தாழ்ந்த குரலில், அலட்டாமல், ஒரே வரி. நிறுத்தத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் துடுக்குப் பேச்சு.

ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கேல் கார்டன் நடித்த கான்க்ளின் பதவிசாக ஆரம்பித்து, வாக்கியத்துக்கு வாக்கியம் ஏறி, கடைசியில் வெடிப்பார். எல்லாம் ஒரே சத்தமாகிவிட்டால் அந்த ஏற்றம் எங்கே இருக்கும்?

அடுத்தது கோப்பு. சிபிஎஸ் வானொலியில் 1948 முதல் 1957 வரை ஓடிய தொடர் இது. ஒலித்தட்டிலிருந்து நாடா, நாடாவிலிருந்து எம்பி3 என்று பல கை மாறி வந்திருக்கிறது. வழியில் வேகம் கூடிவிட்டால் சுருதியும் ஏறிவிடும். மாணவன் வால்டர் டென்டனின் குரலை வைத்துச் சோதிக்காதீர்கள். இருபதைத் தாண்டிய ரிச்சர்ட் கிரென்னா, அந்தப் பள்ளிப் பையனுக்காக வேண்டுமென்றே கீச்சுக்குரலில் பேசினார். ஆர்டனின் குரல் மெலிந்து ஒலித்தால்தான் கோளாறு. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையை எடுத்து, ஒவ்வொரு சதவீதமாகக் குறையுங்கள். டெம்போவை மட்டும் மாற்றினால் சுருதி அப்படியே நிற்கும். இரைச்சல் நீக்கியை லேசாகப் போடுங்கள். அதிகமானால் சிரிப்பலையின் வால் அறுந்துவிடும்.

ஒரே கதை இரண்டு தலைப்பில் கிடைத்தால் கால்கேட், பாமாலிவ் விளம்பரம் உள்ளதையே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படைவீரர்களுக்கான வானொலி தன் தட்டுகளில் விளம்பரங்களை வெட்டியது. அந்த வெட்டு, சில பிரதிகளில் காட்சியின் மூச்சையே குலைக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகும் தொடர் முழுவதையும் கேட்கச் சொல்ல மாட்டேன். காரணம், ப்ரூக்ஸ் விரும்பும் உயிரியல் ஆசிரியர் பாய்ன்டன். அவராக நடித்த ஜெஃப் சாண்ட்லரின் கூச்சக்குரல் முதல் பத்துக் கதைகளில் இனிக்கிறது. அதன் பிறகும் ப்ரூக்ஸின் மனதைவிடப் பாய்ன்டனுக்குத் தன் தவளை மக்டூகல்தான் புரிகிறது. அவ்வளவு கூர்மையான பெண்ணை அத்தனை வருஷம் அந்த மனிதருக்காகக் காக்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் காத்திருப்புக்கு 1956 திரைப்படத்தில்தான் முடிவு வருகிறது. அவசரமாகக் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒலிபரப்பானபடியே வாரத்துக்கு ஒன்று, அதுவும் விளம்பரத்தோடு, போதும்.