ஆறு ஆண்டுகளாக ‘அணியைக் கட்டுகிறோம்’ என்றார்கள்: சேலம் ஹாக்கி ஆதரவாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை

சேலத்தில் உள்ள பழைய ஹாக்கி சங்கம் ஒன்று, தன் அணியைப் புதிதாகக் கட்டி எழுப்பப் போவதாகச் சொல்லி, ‘வாழ்நாள் ஆதரவாளர்’ என்ற பெயரில் ஆளுக்கு 25,000 ரூபாய் கேட்டு வருகிறது. செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, சூரமங்கலம் பகுதிக் கடைக்காரர்களிடமும், பள்ளியில் ஹாக்கி ஆடும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் இப்போது அந்தத் துண்டறிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறது. இதே சொற்களை நம்பி 2019 முதல் 2024 வரை அதே சங்கத்துக்குப் பணம் கட்டியவன் என்ற முறையில், கொடுக்கும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறேன். கணக்குக் கேட்டு மாவட்டப் பதிவாளரிடம் நாங்கள் கொடுத்த மனு நிலுவையில் இருப்பதால் சங்கத்தின் பெயரையும் பொறுப்பாளர்களின் பெயரையும் குறிப்பிடவில்லை. துண்டறிக்கை கையில் உள்ளவர்களுக்கு அது தேவைப்படாது.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மட்டையைப் பிடித்து ஆடியவன் அல்லன், வரப்போரம் நின்று பார்த்தவன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வென்றபோது எனக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு அப்பா ஞாயிறு தவறாமல் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து இந்தச் சங்கத்தின் ஆட்டங்களுக்கு அழைத்துப் போனார். ரயில்வேக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் தையற்காரர்களும் ஒரே சட்டையில் ஆடிய அணி அது. அந்த அணி கடந்த பதினைந்து ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டே வந்து, 2018-இல் மாவட்ட லீக்கில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் கடைசியில் நின்றது. தோற்பதற்காக நான் யார் மீதும் புகார் சொல்லவில்லை. தோற்கிற அணிக்குப் பின்னால் நிற்பதுதான் ஊர்க்காரனுடைய வேலை என்று அப்பா சொல்லி வளர்ந்தவன் நான். அதனால்தான் 2019 ஜூனில் அவர்கள் கூட்டம் போட்டுக் கேட்டபோது முதல் வரிசையில் எழுந்து பணம் கொடுத்தேன்.

அந்தக் கூட்டத்தில் கொடுத்த ஒரு பக்க அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பதிலுக்கு, நிரந்தரச் சம்பளத்தில் ஒரு பயிற்சியாளர், பள்ளிகளிலிருந்து 14 வயதுக்கு உட்பட்ட இருபது சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு இலவச மட்டையும் ஷூவும், ஆண்டுக்கு இரண்டு முறை சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்தரையில் பயிற்சி, ஆண்டுதோறும் ஆதரவாளர்களுக்குக் கணக்கு ஆகியவற்றைத் தருவதாக எழுதியிருந்தார்கள். புல்தரைப் பயிற்சியைப் படித்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்த பிறகு பெரிய ஆட்டங்கள் எல்லாம் அதற்கு மாறிவிட்டன. மண் தரையில் பந்து எந்தக் கல்லில் பட்டு எங்கே எகிறும் என்று பார்ப்பதிலேயே பையனுடைய பாதிக் கவனம் போய்விடுகிறது, தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் அதே பந்து அவன் மட்டையைக் கீழே வைப்பதற்குள் கடந்து போய்விடுகிறது. இந்த வேறுபாட்டை அறிந்த ஒருவர்தான் அறிக்கையை எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. கொரோனாவால் மைதானம் மூடிக் கிடந்த காலத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு யாரும் பொறுப்பில்லை. மீதிக் காலத்தில் பயிற்சியாளர் நான்கு முறை மாறினார். அவர்களில் மூன்றாமவர் உண்மையாகவே உழைத்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். நான்கு மாதச் சம்பளம் வராததால் வேலையை விட்டவர், போகும் முன் பட்டறைக்கு வந்து, “பசங்களை விட்டுட்டுப் போறதுதாண்ணா கஷ்டமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். எழும்பூருக்கு ஒரே ஒரு முறை அழைத்துப் போனார்கள். இரவு ரயிலுக்கான கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் பெற்றோர்தான் கொடுத்தார்கள். இருபது சிறுவர்களின் பட்டியல் கடைசிவரை வெளிவரவே இல்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது ஆட்ட நாட்களில் நடந்ததுதான். ‘இளைஞர்களை வைத்துப் புது அணி கட்டுகிறோம்’ என்று சொல்லிக்கொண்டே, போட்டி வந்தால் வெளிமாவட்டத்திலிருந்து முப்பது வயது தாண்டிய ஆட்களைத் தினக்கூலி பேசி அழைத்துவந்து இறக்கினார்கள். நம் பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியாட்களை வைத்தாவது வென்றார்களா என்றால் அதுவும் இல்லை. 2024-இல் ஓர் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினோம், அன்று கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் என் அக்கா மகனைக் கோல் கீப்பராக இறக்கினார்கள். அவனுக்குப் பதினைந்து வயது. அவன் இடது காலில் கட்டியிருந்த கிக்கரின் (ஷூவுக்கு மேல் கோல் கீப்பர் கட்டும் தடித்த பாதக் காப்பு) வார் அறுந்து போய், தறிப்பட்டறையிலிருந்து எடுத்து வந்த நூலை எட்டுப் பத்து இழையாக முறுக்கிக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தான். பெனால்டி கார்னரில் (தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குத் தரும் கோல் வாய்ப்பு) வந்த பந்தைக் காலால் தட்டிவிட்டபோது நூல் அறுந்து கிக்கர் கழன்று முன்னால் விழுந்தது. ஒரு காலில் வெறும் ஷூ மட்டும் இருக்க, அடுத்த அடியைத் தடுக்க நின்றான். ஹாக்கிப் பந்து 156 கிராமுக்குக் குறையாது, காரைக்கல்லைப் போல இருக்கும். அது கணுக்காலில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் அக்காவிடம் இன்றுவரை நான் பேசவில்லை. ‘உபகரண நிதி’ என்று தனியாக 4,000 ரூபாய் அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் என்னிடம் வாங்கியிருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஏற்காடு முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுத் துண்டறிக்கையிலும் அது இருக்கிறது. 2023 மே மாதம், பத்து நாள் கோடைப் பயிற்சி என்று பையனுக்கு 8,500 ரூபாய் வாங்கினார்கள். இருபத்திரண்டு பையன்கள் போனார்கள். மொத்தம் 1,87,000 ரூபாய். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே வேனில் நெருக்கியடித்து ஏற்றிப் போனதில் பாதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்துக்கொண்டேதான் மேலே சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு அறைகளில் எல்லோரையும் தங்க வைத்தார்கள். மைதானத்தைக் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அந்த நேரத்தில் மூடுபனி விலகாது, மே மாதக் கோடை மழையில் தரையும் காயாது. பயிற்சி தர வந்தவர் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் வேலை செய்பவர், ஹாக்கி மட்டையைப் பிடித்தவரல்லர். மூன்றாம் நாள் இரவு அக்கா மகன் போன் செய்து, “மாமா, இன்னும் யாரும் பந்தையே வெளிய எடுக்கல” என்றான். மறுநாள் காலை நான் பைக்கில் மேலே போனபோது, அறை வாசலில் இருபத்திரண்டு ஜோடி ஷூக்கள் ஈரத்தோடு வரிசையாக இருந்தன, கோல் கீப்பர் பேடு தண்ணீரைக் குடித்து, தூக்க முடியாத கனத்தில் சுவரோரம் சாய்ந்து கிடந்தது, பிள்ளைகளை ஏரிக்கரையில் விட்டுவிட்டுப் பொறுப்பாளர்கள் எங்கேயோ போயிருந்தார்கள். ஐந்தாம் நாள் முகாம் முடிந்தது. மீதிப் பணத்தைக் கேட்டதற்கு அடுத்த முகாமில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த முகாம் நடக்கவே இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் கேள்வி கேட்கும்போது அவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: “இந்தியாவே நாற்பது வருஷம் காத்திருந்துதானே மெடல் வாங்குச்சு, நீங்க ரெண்டு வருஷம் பொறுக்க மாட்டீங்களா?” இந்தப் பதிலுக்கு நானும் சில ஆண்டுகள் வாயடைத்துப் போயிருந்தேன். உங்களிடமும் இதையே சொல்வார்கள் என்பதால் விரிவாக எழுதுகிறேன். 2008-இல் சிலியின் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் தோற்று இந்தியா பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போனது. 2012 லண்டனில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தது. அங்கேயும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து மாறினார்கள், குழப்பங்கள் நடந்தன. ஆனால் காத்திருந்தவர்களுக்கு நடுவில் கண்ணால் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. 2014 ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானை வென்று தங்கம் வந்தது. 2016-இல் லக்னோவில் நடந்த இளையோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அந்த அணியில் இருந்த ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், சிம்ரன்ஜீத் சிங் போன்றவர்கள்தான் 2021-இல் டோக்கியோவில் வெண்கலம் வாங்கிய அணியிலும் இருந்தார்கள். ஜெர்மனியிடம் 1–3 என்று பின்தங்கி 5–4 என்று வென்ற அந்த ஆட்டத்தில் சிம்ரன்ஜீத் மட்டும் இரண்டு கோல் அடித்தார். இளையோர் அணியில் பார்த்த முகம் பெரிய அணிக்கு வந்ததைத்தான் கட்டி எழுப்புவது என்று நான் புரிந்துகொள்கிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கோவில்பட்டியைப் பாருங்கள்: அங்கே பயிற்சி பெற்று வளர்ந்த மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். எங்கள் சங்கத்தில் ஆறு ஆண்டுகளில் கீழிருந்து மேலே வந்த ஒரு பையனைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்கள்.

பணத்தைப் பற்றி. ஆண்டுக்கு 6,000 வீதம் ஆறு ஆண்டுகளுக்கு 36,000 ரூபாய், முகாமுக்கு 8,500, உபகரணத்துக்கு 4,000, ஆக 48,500 ரூபாய் நான் கொடுத்திருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் ரொக்கமாக வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ரசீதில் சங்கத்தின் பதிவு எண்ணும் இல்லை, பான் எண்ணும் இல்லை. 80ஜி பிரிவில் வருமான வரிச் சலுகை கிடைக்கும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகையே கிடையாது என்பதை என் ஆடிட்டர் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். அடுத்த ஆண்டுகளில் ஜிபே வழியாக அனுப்பச் சொன்னார்கள். ஸ்கேன் செய்ததும் திரையில் வந்த பெயர் சங்கத்தின் பெயரல்ல, பொறுப்பாளர் ஒருவரின் சொந்தப் பெயர். அதைப் பார்த்த கணமே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பழகிய முகம், அப்பா காலத்துச் சங்கம் என்ற எண்ணத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன், மூன்று ஆண்டுகள் அப்படியே செய்தேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான சங்கம் ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே உங்களிடம் வருபவர்களிடம் முதலில் அந்தக் கணக்கின் நகலைக் கேளுங்கள். பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கைத் தவிர வேறெதற்கும் பணம் அனுப்பாதீர்கள். வாழ்நாள், ஐந்தாண்டு என்று மொத்தமாகக் கேட்டால், ஓராண்டுக்கு மட்டும் தருகிறேன், அந்த ஆண்டு நடந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று சொல்லுங்கள். பெற்றோராக இருந்தால், துண்டறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ விடியற்காலை மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். எத்தனை சிறுவர்கள் வந்திருக்கிறார்கள், பயிற்சியாளர் வந்திருக்கிறாரா, கோல் கீப்பரின் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். நான் கடைசியாகப் போன மூன்று காலைகளிலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்திருந்தது, மைதானத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை.

கணக்கைக் கேட்டு நானும் இன்னும் நான்கு ஆதரவாளர்களும் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. அதன் பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். 2019-க்குப் பிறகு பணம் கட்டியவர்கள் ரசீதையும் ஜிபே பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள். முகாமுக்குப் பிள்ளையை அனுப்பிய இருபத்திரண்டு குடும்பங்களில் இதுவரை ஒன்பது குடும்பங்கள்தான் எங்களோடு சேர்ந்திருக்கின்றன. மற்றவர்கள் வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ரசீதின் நகலோடு காந்தி ஸ்டேடியம் வாசலுக்கு வாருங்கள், அங்கேயே கையெழுத்து வாங்கி மனுவோடு சேர்த்துவிடலாம். அக்கா மகன் இப்போது வேறு பள்ளி அணியில் கோல் கீப்பராக ஆடுகிறான்; அன்று அவனுக்கும் ஆட்டம் இருக்கிறது என்பதால் எட்டரைக்குள் முடித்துக்கொள்வோம்.