வெள்ளி ஸ்பூனில் எதை நம்புவது: முதுகு முத்திரையா, முன்பக்கத்துக் குலச்சின்னமா?

என் மேசையில் ஒரு பழைய வெள்ளி ஸ்பூன் இருக்கிறது. பெரிய ஸ்பூன், ஒரு சாண் நீளம். காம்பின் நுனி பிடில் மாதிரி அகன்று விரிகிறது. அந்த அகலத்தில் முன்பக்கம் ஒரு மான் தலை செதுக்கியிருக்கிறது. திருப்பினால், காம்பின் முதுகில் வரிசையாக ஐந்து பொடி முத்திரைகள். லண்டனில் ஒரு சனிக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். விற்றவர் மான் தலையைக் காட்டி, "இது ஒரு ஏர்ல் வீட்டு ஸ்பூன்" என்றார் (ஏர்ல் என்பது பிரிட்டிஷ் பிரபுக்களின் பட்டங்களில் ஒன்று), அதற்கேற்ற விலையும் சொன்னார். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து லூப் கண்ணாடியை வைத்து முதுகைப் பார்த்த பிறகுதான், எதற்குக் காசு கொடுத்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

பழைய ஆங்கிலேய வெள்ளி வாங்குகிறவர்களில் பலர் முதலில் பார்ப்பது இந்த முன்பக்கத்தைத்தான். சிங்கம், கழுகு, வாளேந்திய கை என்று படம் இருக்கிறதே, கண் அங்கேதான் போகும். முதுகில் இருப்பதோ அரிசியளவு எழுத்துகள். இரண்டில் எது உண்மையாகப் பேசுகிறது என்று கேட்டால், என் பதில் பெரும்பாலும் முதுகுதான். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஹால்மார்க் என்றால் தங்க நகையில் 916 இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தப் பெயரே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலிலிருந்து வந்தது. செய்த பண்டத்தை அங்கே கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும். என் ஸ்பூனில் நடக்கும் சிங்கம் இருக்கிறது. அப்படியென்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, லண்டன் சோதனைச்சாலையின் அடையாளம். அடுத்து ஓர் அரசர் தலை. 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி இருந்தது, அதைக் கட்டியாயிற்று என்பதற்கான முத்திரை இது. நாலாவது, பெரிய எழுத்தில் ஒரு கியூ. அது ஆண்டெழுத்து. லண்டனில் ஜே-யை விட்டுவிட்டு ஏ முதல் யூ வரை இருபது எழுத்துகளை அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒன்றாக மாற்றினார்கள். சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவம் மாறியது. 1796-இல் தொடங்கிய சுற்றில் கியூ வருவது 1811. அன்று மே மாதக் கடைசியில் எழுத்து மாறியது என்பதால், 1811 மே முதல் 1812 மே வரைக்குள் இந்த ஸ்பூன் சோதனைக்குப் போயிருக்கிறது.

இந்த முத்திரைகளில் எனக்குப் பிடித்தது, ஒன்றை ஒன்று சரிபார்க்கும் குணம். ஆண்டெழுத்து தேய்ந்து, அது எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று குழம்பினால் சிறுத்தையைப் பார்க்கலாம். 1821-இல் அது கிரீடத்தை இழந்துவிட்டது. அரசர் தலையே இல்லையென்றால் பெரும்பாலும் 1784-க்கு முன்பு, அல்லது 1890-க்குப் பிறகு. ஊர் வேறானால் அடையாளமும் வேறு: பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம் (இரண்டும் 1773-இல் வந்தவை), எடின்பரோவுக்குக் கோட்டை. ஆண்டெழுத்துப் பட்டியலும் ஊருக்கு ஊர் வேறு. அதனால் ஊர் முத்திரையைப் பார்க்காமல் ஆண்டெழுத்தைத் தேடுவது வீண் வேலை.

ஐந்தாவதுதான் செய்தவர் முத்திரை. மூன்று அடுக்காக டபிள்யூ.ஈ., டபிள்யூ.எஃப்., டபிள்யூ.சி. வில்லியம் ஈலி, வில்லியம் ஃபெர்ன், வில்லியம் சானர் என்ற மூவர் 1808-இல் கூட்டாகப் பதிந்த முத்திரை இது. ஸ்பூன், முள்கரண்டி செய்வதுதான் இவர்களுக்கு முதன்மையான தொழில். ஆண்டெழுத்து 1811 என்கிறது, பெயரும் அதற்கு ஒத்துப்போகிறது. இரண்டு சாட்சிகள் தனித்தனியாக வந்து ஒரே கதையைச் சொல்வது போல.

ஆனால் செய்தவர் முத்திரையை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவதில் ஆபத்து இருக்கிறது. ஒரே முதலெழுத்துகளோடு பல பேர் இருந்தார்கள். எழுத்தைச் சுற்றிய கட்டத்தின் வடிவம், நடுவில் புள்ளி உண்டா, சாய்வெழுத்தா நேரெழுத்தா எல்லாம் கணக்கில் வரும். ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணி, கணவர் இறந்தபின் 1761-இல் தன் பெயரில் முத்திரை பதிந்து 1790 வரை பட்டறை நடத்தினார். சாய்வெழுத்தில் எச்.பி. என்று இருக்கும். அந்தப் பெயருக்கு இன்றும் சந்தையில் தனி மவுசு. அதனால் எச்.பி. என்று எதைக் கண்டாலும் ஹெஸ்டர் என்று சொல்லி விற்கிறார்கள். ஊரும் ஆண்டும் ஒத்துவராவிட்டால் நம்பக்கூடாது. இன்னொரு சங்கடம், 1758-ஐ ஒட்டிய காலம் முதல் 1773 வரை பெரிய பண்டங்கள் செய்தவர்களுக்கான லண்டன் பதிவேடு தொலைந்துபோய்விட்டது. அந்த ஆண்டுகளுக்குச் சொல்லப்படும் பெயர்களில் கணிசமானவை ஊகம்தான். அப்புறம், அந்த எழுத்துகள் சுத்தியல் பிடித்த கையைக் காட்டுவதில்லை. பண்டத்துக்குப் பொறுப்பேற்றுச் சோதனைக்கு அனுப்பியவரைத்தான் காட்டுகின்றன.

சரி, முன்பக்கத்துக்கு வருவோம். என் மான் தலை போன்ற குலச்சின்னத்தை ஆங்கிலத்தில் கிரெஸ்ட் என்பார்கள். அது முழுக் கேடயச் சின்னம் அல்ல. கேடயத்துக்கு மேலே தலைக்கவசம், அதன் உச்சியில் நிற்கும் உருவம் மட்டும்தான் கிரெஸ்ட். ஸ்பூனில் இடம் குறைவு என்பதால் அதை மட்டும் செதுக்குவார்கள். உருவத்துக்குக் கீழே முறுக்கிய கயிறு போல ஒரு பட்டை இருந்தால், அது கவசத்தைச் சுற்றிய துணி முறுக்கு. நம் ஊர்ப் பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டித் தருகிறார்களே, வேலை என்னவோ அதுதான். குடத்தைச் செய்தது ஒருவர், பேர் வெட்டியது ஒருவர், பேரில் இருப்பது மூன்றாமவர். அந்தக் குடத்தில் வெட்டியிருக்கும் பேர் சீர் கொடுத்த தாய்மாமனுடையதாகக்கூட இருக்கலாம். பேரை வைத்துக் குடத்தின் வயதைச் சொல்ல முடியுமா?

மான் தலையைக் குலச்சின்னமாக வைத்திருந்த பிரிட்டிஷ் குடும்பங்கள் ஏராளம். பாதி உடலோடு எழும் சிங்கம், கவசமணிந்த மடங்கிய கை, இவையும் அப்படியே. அவற்றைப் பிரிக்கச் சின்ன விவரங்கள்தான் உதவும். கழுத்து நேராக வெட்டியதா, பிய்த்ததுபோல் கந்தலாக முடிகிறதா என்பதே இரண்டு வெவ்வேறு குடும்பங்களைக் காட்டலாம். என்னுடையது பிய்த்த கழுத்து. வாசகம் எதுவும் இல்லை. விற்றவர் சொன்ன ஏர்ல் என்றால், பெரும்பாலும் சின்னத்துக்கு மேல் அவர் பட்டத்துக்குரிய முடி, அதாவது சிறு கிரீடம், இருக்கும்: உயர்ந்த கம்பிகளின் மேல் கண்ணுக்குத் தெரிவது ஐந்து உருண்டை, நடுநடுவே ஸ்ட்ராபெரி இலைகள். ஏர்லுக்குக் கீழ்ப்பட்ட பிரபுவான பாரனின் முடியில் நாலு உருண்டை தெரியும், இலை கிடையாது. என் ஸ்பூனில் முடியே இல்லை. ஏர்ல் கதைக்கு அந்த வெள்ளியில் ஆதாரம் எதுவும் கிடையாது.

மேலும் ஒன்றைக் கண்டேன். மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மான் தலையைச் சுற்றி ஒரு லேசான பள்ளம். விரலால் தடவினால் அந்த இடம் மெலிந்திருப்பது தெரிகிறது. வாயால் ஊதி ஆவி படியவிட்டேன். மானுக்கு அடியில் ஒரு எம் எழுத்தின் வளைவு ஒரு நொடி தெரிந்து மறைந்தது. முதல் சொந்தக்காரரின் எழுத்தை யாரோ தேய்த்து அழித்துவிட்டு மானைச் செதுக்கியிருக்கிறார்கள். இன்னொரு சோதனையும் அதையே சொல்கிறது. ஸ்பூனின் வாய்ப்பக்கக் குழியின் நுனி இடப்பக்கம் தேய்ந்திருக்கிறது, வலக்கைக்காரர்கள் பல காலம் பயன்படுத்தியதன் அடையாளம். முத்திரைகளின் விளிம்பும் மழுங்கியிருக்கிறது. மானின் கோடுகள் மட்டும் கூர்மை குறையாமல் நிற்கின்றன. உடம்பு தேய்ந்து சின்னம் மட்டும் புதிதாக இருந்தால், சின்னம் பின்னால் வந்தது.

இப்போது விதிவிலக்குகள். ஏறக்குறைய 1780 வரை முத்திரைகளைக் காம்பின் அடியில், குழிக்குப் பக்கத்தில் குத்தினார்கள். அந்த இடம் ஒடுக்கம். முத்திரை வாங்கிவந்த பிறகு காம்பை மறுபடி தட்டிச் சரிசெய்தார்கள். அதனால் சிங்கம் நசுங்கி, ஆண்டெழுத்து இழுபட்டுப் போயிருக்கும். அப்படிப்பட்ட ஸ்பூனில் முதுகு பாதிதான் பேசும். அங்கே குலச்சின்னம் இருக்கும் இடமே ஒரு துப்பு. 1710 முதல் 1770 வாக்கில் வழங்கிய ஹனோவேரியன் ஸ்பூன்களின் நுனி முன்பக்கமாக வளைந்திருக்கும். மேசையில் குழியைக் கவிழ்த்து வைப்பார்கள், அதனால் சின்னம் முதுகில் வரும். 1760-க்குப் பிறகு வந்த ஓல்டு இங்கிலீஷ் வகையில் நுனி பின்னால் வளையும், குழி மேலே பார்க்கும், சின்னம் முன்னால் வரும். ஹனோவேரியன் ஸ்பூனின் முன்பக்கத்தில் சின்னம் கண்டால், அது பின்னாளில் சேர்த்ததா என்று நான் உடனே சந்தேகப்படுவேன்.

இன்னொரு விதிவிலக்கு நம் பக்கத்து வெள்ளி. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் லண்டன் போல ஒரு சோதனைச்சாலை கிடையாது. கல்கத்தாவின் ஹாமில்டன் கம்பெனி, சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் தங்கள் முத்திரையைத் தாங்களே குத்திக்கொண்டார்கள். லண்டன் பட்டியல்போல ஆண்டைக் கையில் தரும் எழுத்து அவற்றில் இல்லை. அத்தகைய ஸ்பூனில் ஒரு படைப்பிரிவின் பெயரோ, வாசகத்தோடு கூடிய சின்னமோ இருந்தால் காலம் கணிக்க அதுதான் கைகொடுக்கும்.

முலாம் பூசிய ஸ்பூன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பர்மிங்காமின் எல்கிங்டன் கம்பெனி 1840-இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, ஈ.பி.என்.எஸ். (நிக்கல் கலவை உலோகத்தின் மேல் வெள்ளி மின்முலாம்) என்ற நாலு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் ஹால்மார்க் மாதிரியே குத்தினார்கள். சிங்கம் இல்லையென்றால் நிதானியுங்கள். போலி வார்ப்பு வேறு விஷயம். ஆறு ஸ்பூனை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆறிலும் முத்திரை மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே கீறலோடு இருந்தால், ஒன்றை அச்செடுத்து மற்றவற்றை வார்த்திருக்கிறார்கள். கையால் குத்தியது அப்படி அமையாது.

இரண்டு ஸ்பூன் ஒரே விலைக்கு வந்தால், ஒன்றில் தெளிந்த ஐந்து முத்திரையும் வெற்று முன்பக்கமும், மற்றதில் அழகான சின்னமும் மழுங்கிய முதுகும் என்றால், 1780-க்குப் பிந்திய ஸ்பூனாக இருக்கும் பட்சத்தில் முதலாவதைத்தான் எடுப்பேன். ஆனால் சின்னத்தோடு முடி, வாசகம், முத்திரைக்குச் சமமான தேய்மானம் மூன்றும் கூடிவந்தால் இரண்டாவதற்கு மாறிவிடுவேன். மான் ஸ்பூனை நான் விற்கவில்லை. குளிர்கால இரவுகளில் சூப் பரிமாற அதைத்தான் எடுக்கிறோம். ஆவி பட்டதும் மானுக்கு அடியில் அந்த எம் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கிறது.